மூன்று விசேஷங்களும் ஒரு ஹாலும்

தாஸ்பூலாக்
5 மே 2013

அன்புள்ள ஜெக்சென்,

நலம். நீயும் நலமாக இருப்பாய்; இல்லாவிட்டாலும் சொல்ல மாட்டாய். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். இதில் குறுக்கே பேச உனக்கு வழி இல்லை.

உன் தக்காளி நாற்றை ஜன்னலோரம் வைத்து நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். பூனை உன் நாற்காலியை எடுத்துக்கொண்டது.

இப்போது விஷயம். மே 31 நினைவு நாளுக்கு எங்கள் பண்பாட்டு மன்றத்தில் வழக்கம்போலக் கூட்டம் வைத்திருக்கிறேன். பழைய ஆட்சியில் சுடப்பட்டவர்கள், சிறை முகாமில் மடிந்தவர்கள், பஞ்சத்தில் போனவர்கள் எல்லோருடைய பெயரையும் அவரவர் வீட்டார் எழுந்து நின்று சொல்வார்கள். அதற்குள் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. அதே நாள் புகையிலை ஒழிப்பு நாளாம், பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஊர்வலம் நடத்த வேண்டுமாம். தலையாட்டிவிட்டு வெளியே வந்தால், முடிதிருத்தும் கடை லூதா நிற்கிறாள். "ரௌஷான், அன்னைக்கு உலகப் பொன்னிறத் தலைமுடிப் பெண்கள் நாள் தெரியுமா? சாயங்காலம் ஹால் எனக்கு வேணும். போட்டி வைக்கிறேன், கிரீடம்கூட வாங்கிட்டேன்" என்கிறாள்.

மூன்றுக்கும் சரி என்று சொல்லிவிட்டேன். ஹாலில் ஆள் நடமாட்டம் இல்லை என்றால் அதை மரச்சாமான் கடைக்கு விட்டுவிட மாவட்டத்தில் காத்திருக்கிறார்கள். நான் விடப் போவதில்லை. 31ஆம் தேதிக்கு லீவு கேட்டுக்கொண்டு வா. உன் தாத்தா பெயரை நீ சொல்ல வேண்டும்.

ரௌஷான்

*

மங்கிஸ்தாவ், குழாய் பதிப்போர் முகாம்
13 மே

ரௌஷான்,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், விளையாட்டுக்கு எழுதியிருக்கிறாயோ என்று.

துர்சின்பேக் தாத்தாவை வகுப்பறையிலிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள். கையில் இருந்த சுண்ணக்கட்டியைக் கீழே வைக்கக்கூட விடவில்லை. புதைத்த இடம் எது என்று என் அப்பா சாகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பெயரை நான் சொல்லிவிட்டு இறங்க வேண்டும், அதே மேடையில் லூதா கிரீடத்தோடு ஏற வேண்டும், இல்லையா?

நான் வரவில்லை. நீயும் அந்தப் பெயரைச் சொல்லாதே. என் வீட்டுப் பெயர் அது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

கூடவே வா, இங்கேயே இருந்துவிடலாம் என்று போன இலையுதிர்காலத்தில் உன்னைக் கெஞ்சினேன். ஹாலை விட்டு வர மாட்டேன் என்றாய். இப்போதாவது அந்த ஹால் என்ன லட்சணத்தில் இருக்கிறது என்று பார்.

தக்காளிக்குத் தண்ணீர் அதிகம் ஊற்றாதே.

ஜெக்சென்

*

தாஸ்பூலாக்
21 மே

ஜெக்சென்,

பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்லாதே என்று நீ எழுதிக் கொடுத்துவிட்டாய், மீற மாட்டேன். ஆனால் கூட்டத்தையும் நிறுத்த மாட்டேன், ஊர்வலத்தையும் நிறுத்த மாட்டேன், போட்டியையும் நிறுத்த மாட்டேன். காலண்டரை நான் அச்சடிக்கவில்லை. ஒரே நாளில் மூன்று பேர் கதவைத் தட்டினால் மூவருக்கும் நாற்காலி போடத்தான் எனக்குத் தெரியும்.

ஹாலை விட்டு வர மாட்டேன் என்று நான் சொன்னது உண்மை. ஆனால் உன்னைப் போ என்று நான் சொன்னதில்லை.

ரௌ.

*

தாஸ்பூலாக்
1 ஜூன்

அன்புள்ள ஜெக்சென்,

கால் வீங்கிவிட்டது. தொட்டியில் வெந்நீர் வைத்து உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், கேள்.

காலையில் மாவு பிசைந்து வைத்துவிட்டுச் சமையற்கார அம்மா மயங்கி விழுந்தார். ரத்தக் கொதிப்பு. ஆம்புலன்ஸில் அனுப்பினோம். இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் இறந்தவர்களுக்கு ஏழு ரொட்டி பொரிக்க ஆள் இல்லை. நானோ ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒப்பனை அறையில் லூதாவின் பெண்கள் விடிந்ததுமே வந்து, அப்போதுதான் தலைக்குப் பொன்னிறச் சாயம் பூசி, பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

லூதா எட்டிப் பார்த்தாள். "மாவு இருக்கு, எண்ணெய் இருக்கு, அப்புறம் என்ன முழிக்கிறே? நாங்க என்ன கையில்லாதவங்களா?"

ஒன்பது பெண்கள், தலையில் உறையோடு ரொட்டி பொரித்தார்கள் ஜெக்சென். போனவர்களுக்குப் போய்ச் சேருவது அந்த எண்ணெய் வாசனைதானே. நேற்று அதோடு கொஞ்சம் சாய வாசனையும் போயிருக்கும். ஏழோடு நிறுத்தவில்லை, மாவு தீரும்வரை பொரித்தார்கள்.

தட்டுகளோடு அவர்கள் ஹாலுக்குள் நுழைந்தார்கள். முன்வரிசையில் ஓஸ்பான் தாத்தா, மார்பு நிறையப் பதக்கம். அவர்களை மேலும் கீழும் பார்த்தார்.

"தலையில என்னம்மா அது?"

"சாயம் தாத்தா. இருபது நிமிஷத்துல கழுவணும்."

"நான் ஓத ஆரம்பிச்சா இருபது நிமிஷத்துல முடியாது. உட்காருங்க. முடி வெந்துபோச்சுன்னா அப்புறம் என்கிட்ட வரக் கூடாது."

உட்கார்ந்தார்கள். ஓதும்போது உள்ளங்கைகளை விரித்து வைத்துக்கொண்டார்கள், ரஷ்யப் பெண்கள்கூட. பெயர் சொல்லும் நேரம் வந்ததும் லூதா எழுந்தாள். "என் பாட்டன், யாகோவ் ஷ்டைன். வோல்கா கரையிலேருந்து கட்டாயமா கூட்ஸ் வண்டியில ஏத்திட்டு வந்தாங்க. இங்கதான் சுரங்கத்துல செத்தாரு." இத்தனை வருஷமாக அவளிடம் முடிவெட்டிக்கொள்கிறேன், எனக்கு இது தெரியாது. அவள் உட்கார்ந்ததும் இன்னொருத்தி எழுந்தாள். பிறகு இன்னொருத்தி.

முறை உன் இடத்துக்கு வந்தது. காலி நாற்காலி. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நாக்கு நுனியில் நின்ற பெயரை விழுங்கினேன்.

"துர்சின்பேக் வாத்தியார் பேரை யாரு சொல்றது?" என்று ஓஸ்பான் தாத்தா கேட்டார். அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது உன் தாத்தா.

"சொல்ல வேண்டியவர் வரலை. என்னையும் சொல்ல வேண்டாம்னுட்டார்."

"அப்படியா? சரி, கொஞ்சம் காத்திருப்போம்."

காத்திருந்தார்கள் ஜெக்சென். ஹால் முழுக்க. யாரும் இருமவில்லை. சாயம் கழுத்தில் வழிந்தும் அந்தப் பெண்கள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவர்தான் பெருமூச்சு விட்டு அடுத்த வீட்டாரைக் கூப்பிட்டார்.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் ஆள் உயரத்துக்கு ஒரு காகித சிகரெட் செய்து சதுக்கத்தில் கொளுத்தினார்கள். அந்தப் புகையில் ஊரே இருமியது. கடைசியாகத் தலை கழுவிய சைராவின் முடி கேரட் நிறமாகிவிட்டது. அழுதுகொண்டே மேடை ஏறினாள். கிரீடத்தை அவளுக்கே கொடுத்துவிட்டார்கள். ஓஸ்பான் தாத்தா சாயங்காலமும் வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார்.

ஒன்று சொல்கிறேன். இந்த வருஷம் உன் வார்த்தையைக் காப்பாற்றினேன். அடுத்த வருஷம் காப்பாற்ற மாட்டேன். அவர் எனக்கும் தாத்தாதான்.

ரௌஷான்

*

மங்கிஸ்தாவ்
9 ஜூன்

அன்புள்ள ரௌஷான்,

31ஆம் தேதி இங்கே எப்படிப் போனது என்று நீ கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன்.

எப்படியும் போகவில்லை. குழாய் இறக்கினோம், கஞ்சி குடித்தோம். அது என்ன நாள் என்று முகாமில் ஒருவனுக்கும் தெரியாது. கிரீடமும் இல்லை, ஊர்வலமும் இல்லை. நான் கேட்ட மரியாதை அப்படியே கிடைத்தது. வேலை முடிந்து வெட்டவெளிக்கு நடந்து போய்ப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். காற்று வாயை அடைத்தது. கேட்க ஓர் ஒட்டகம் இருந்தது. அதுவும் மேயப் போய்விட்டது.

உன் கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடாரத்தில் வைத்துப் படித்தேன். கேரட் முடியில் சிரித்தேன். காலி நாற்காலி வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன். சாயம் வழிய எனக்காக உட்கார்ந்திருந்தார்கள் என்கிறாய். நானோ அவர்கள் மேடை ஏறினால் அவமானம் என்று எழுதினேன்.

மேஸ்திரியிடம் கணக்கு முடிக்கச் சொல்லிவிட்டேன். "என்னப்பா, பொண்டாட்டி கூப்பிட்டாளா?" என்றான். "கூப்பிடலை, நானாத்தான் போறேன்" என்றேன்.

28ஆம் தேதி வெள்ளிக்கிழமை வருகிறேன். இனித் திரும்பிப் போவதில்லை. அடுத்த மே வரை என்னால் பொறுக்க முடியாது. அன்றைக்கே ஹாலுக்கு வந்து சொல்லிவிடுகிறேன். அங்கே எந்தக் கூத்து நடந்தாலும் பரவாயில்லை.

உன் ஜெக்சென்

*

தாஸ்பூலாக்
17 ஜூன்

என் ஜெக்சென்,

28ஆம் தேதி பாலர் பள்ளியின் முயல் நடனம். தேதியை மாற்ற மாட்டேன். முன்வரிசையில் உனக்கும் ஓஸ்பான் தாத்தாவுக்கும் இடம் போட்டிருக்கிறேன்.

இன்று ஒத்திகையில் பிள்ளைகளிடம் சொல்லிவைத்தேன். "நடனத்துக்கு முன்னாடி ஒரு மாமா எழுந்து அவரோட தாத்தா பேரைச் சொல்வார். அதுவரைக்கும் காதை ஆட்டாம நிக்கணும்."

குட்டி முயல் ஒன்று கை தூக்கியது. "அவரு நல்லவரா?"

"யாரு, தாத்தாவா? மாமாவா?"

"ரெண்டு பேரும்."

ஆமாம் என்றேன்.

உன் ரௌஷான்