துண்டுக்குள் சொன்ன வலி

இன்று காலை ஓசூரில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள், டாக்டரம்மா. மரப்பு ஊசி போட்டதும் நெஞ்சு படபடத்தது. “அட்ரினலின் சேர்த்த மருந்துங்க. ரத்தம் அதிகம் போகாது, மரப்பும் சீக்கிரம் விடாது. படபடப்பு இப்போ அடங்கிரும்” என்றார் பல் டாக்டர். நீங்கள் மாற்றலாகிப் போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. மருந்தில் இன்னொரு மருந்து என்றதுமே உங்கள் திருநெல்வேலிக் குரல்தான் காதில் விழுந்தது.

காளை இழுத்த இழுப்பில் கயிறு என் வலது உள்ளங்கையைக் கிழித்த அன்று, தையலுக்கு முன் கை முழுக்க மரக்க ஊசி போட வந்தீர்கள்.

“அண்ணாச்சி, இதுல டெக்ஸான்னு இன்னொரு மருந்தைச் சேர்த்தா நாளைக்கு வரைக்கும் கை மரத்தே கிடக்கும். ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம். சர்க்கரை மட்டும் கொஞ்சம் ஏறும், பாத்துக்கிடுதேன்.”

“சேர்க்காட்டி?”

“சாயங்காலமே விட்ரும். பொறவு வலி உங்க பாடு.”

“அப்ப வேணாங்க. காலையில சந்தையில எனக்கு வெரலு வேணும்.”

சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. இருந்த முதலையெல்லாம் போட்டு வாங்கிய ஜோடிக் காளை அது. அதை வாங்க ஒரு கர்நாடகத்துக்காரர் மறுநாள் வருவதாக வாக்கு. மாட்டு விலையை நாங்கள் வாயால் பேசுவதில்லை. துண்டைப் போட்டு மூடி, வலது கை விரலைப் பிடித்துத்தான் பேச்சு. மரத்த விரலில் அவர் எதைத் தொட்டார் என்று எனக்கு எப்படித் தெரியும்? சொன்னதும் புரிந்துகொண்டு, சேர்க்காமலே போட்டீர்கள்.

சாயங்காலம் மரப்பு விட்டது. உயிர் போகிற வலி.

“பத்துக்கு எத்தனை வலிக்கு?”

“மூணுங்க.”

என் முகத்தைப் பார்த்தீர்கள். வியாபாரி முகத்தில் என்ன தெரியும்? சட்டென்று என் தோள் துண்டை உருவி, என் இடது கைமேலும் உங்கள் கைமேலும் போட்டீர்கள்.

“வாயால வேண்டாம். சந்தையில சொல்லுத மாதிரி சொல்லுங்க.”

உங்கள் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன். விட்டு, மூன்றைப் பிடித்தேன்.

“எட்டா! அட பாவி அண்ணாச்சி, எட்டை வச்சிக்கிட்டு என்கிட்ட மூணுன்னு யாவாரம் பேசுதீயளே!”

“எடுத்ததுமே உள்ளதைச் சொன்னா நான் என்ன வியாபாரிங்க?”

“நீங்க குறைச்சா நானும் மருந்தைக் குறைப்பேன். நட்டம் யாருக்கு?”

எட்டுக்கு உள்ள மருந்தையே வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல் நுனிகளால் பேசியே ஜோடியை விற்றேன். வலித்தது, ஆனால் அவர் தொட்ட ஒவ்வொரு விரலும் தெரிந்தது.

அன்று துண்டை எடுப்பதற்குள் நாம் பேசி முடித்தது இன்றும் அப்படியே இருக்கிறது. உங்கள் பக்கம்: கேட்காமல் எதையும் சேர்ப்பதில்லை, சேர்த்தால் சொல்லிவிடுவது. என் பக்கம்: வலி எத்தனை என்று யார் கேட்டாலும் முதல் சொல்லே உள்ள கணக்கு, அதில் பேரம் இல்லை.