மூன்றாவது டப்பா

ஜமுனாமரத்தூர்,
தை 25

நதியாவின் அப்பாவுக்கு, ரஞ்சிதம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் மகளும் ஆடுகளும் நலம். குடகில் குளிர் எப்படி? கம்பளியைப் போர்த்திக்கொள்கிறீர்களா, மடித்து வைத்து அழகு பார்க்கிறீர்களா? ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தி மகளைக் காப்பித் தோட்டத்துக்கு அனுப்பச் சொன்னீர்களே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனென்றால் பாதியில் அறுந்துபோகும்.

நேற்று பள்ளியில் அறிவியல் கண்காட்சி. நதியா ஐப்பசியிலேயே மூன்று டப்பாவில் மொச்சை விதை போட்டு வைத்திருந்தாள். ஒன்றில் சாம்பல், ஒன்றில் நொச்சி இலை, மூன்றாவதில் வெறும் விதை. எதில் வண்டு குறைவாக விழுகிறது என்று பார்க்க வேண்டுமாம். டப்பாவுக்கு நூறு விதை எண்ணினாள். சாம்பலில் ஒன்பது ஓட்டை விதை, நொச்சியில் பதினான்கு. வெறும் டப்பாவில் மூன்றே மூன்று! ரேணுகாதேவி டீச்சருக்கே தலை சுற்றிவிட்டது. இருந்தாலும் எண்ணியதை மாற்றக் கூடாது என்று அப்படியே அட்டையில் எழுதிவிட்டார்கள்.

கல்லூரியிலிருந்து வந்த சார், "ஒண்ணுமே போடாத விதையில எப்படிம்மா வண்டு கம்மியாச்சு?" என்று கேட்டார். இவள் டப்பாவைத் திறந்து மறுபடி எண்ணுகிறாள். கடைசி வரிசையில் இருந்த எனக்குத்தான் விஷயம் தெரியும். அமாவாசைக்கு அமாவாசை நம் வீட்டு விதையோடு அந்த மூன்றாவது டப்பா விதையையும் வெயிலில் காயவைத்தது நான்தான். அதற்கு மட்டும் ஒன்றுமே போடவில்லையே, பாவம் என்று தோன்றியது. அவளிடம் சொல்லவும் இல்லை.

எழுந்துவிட்டேன். "அத்த நான்தான் காயவெச்சேங்க சார், புள்ள மேல தப்பு இல்லீங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மகள் முறைத்த முறைப்பில் போச்சு, காரியத்தைக் கெடுத்தேன் என்று நினைத்தேன். அவளோ அட்டையில் 'வெறும் விதை' என்பதை அடித்துவிட்டு 'வெயில்' என்று எழுதினாள். "அப்போ வெயில்தான் சார் முந்தி இருக்குது. ஆனா ஒண்ணுமே செய்யாத டப்பா இல்லாம, சாம்பலும் நொச்சியும் வேலை செஞ்சுதான்னு சொல்ல முடியாதுங்க. நாலு டப்பா வெச்சு மறுபடி எண்ணணும்" என்றாள். சார் கைதட்டிவிட்டார்! கோடையில் எண்ணி, பள்ளி திறந்ததும் திருவண்ணாமலை கண்காட்சியில் வந்து சொல்லச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

இன்று காலையே நாலு டப்பாவில் புது விதை போட்டுப் பரணில் ஏற்றி, என் கை படாமல் ஏணியையும் ஒளித்துவிட்டாள். வெயில் டப்பாவை இனி அவளேதான் இறக்கிக் காயவைப்பாளாம்.

எனக்கு வாய் திறக்கத் தெரியாது என்பீர்கள். முன்னூறு பேர் முன்னால் திறந்துவிட்டேன், இனி உங்களிடம் என்ன பயம்? மகளை அனுப்ப மாட்டேன். திருவண்ணாமலைக்கு நீங்கள்தான் வர வேண்டும். வாருங்கள், அவள் பேசுவதை ஒருமுறை கேளுங்கள்.

உங்கள்
ரஞ்சிதம்