வீட்டு மாத்திரை

ஜூன் 3

என் செல்லக் குட்டிக்கு,

அண்ணி எழுதுகிறேன். 'நலம்' என்று தொடங்கக் கை வரவில்லை. ஆனால் உன் அண்ணன் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார், அதை முதலில் படித்துவிடு. போனில் உன்னிடம் பாதிதான் சொன்னேன். பேச ஆரம்பித்தால் முன்னுக்குப் பின்னாகிவிடுகிறது. எழுதினால்தான் எனக்கு வரிசையாக வரும்.

குடலிறக்க ஆபரேஷன் நல்லபடியாகத்தான் நடந்தது. அட்மிட் ஆன நான்காம் நாள் காலை, கழிப்பறைக்கு எழுந்தவர் அதன் கதவருகே அப்படியே சரிந்தார். நாடி முப்பத்தெட்டு என்றார்கள். இரண்டு நாள் தீவிர சிகிச்சை அறை. வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஆண்டவனோடு பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

காரணம் எனக்குத் தெரியும். அந்த வார்டில் சுருட்டை முடி நர்ஸ் ஒருத்தி. காலை எட்டு மணிக்கு வருவாள், பெயர் கேட்க மாட்டாள். "பதினாலாம் பெட்டு, வாயைத் திறங்க" என்று ஒரு வெள்ளை மாத்திரையைப் போடுவாள். உன் அண்ணன் இதுவரை வெள்ளை மாத்திரையே போட்டதில்லை. பக்கத்துப் பதினைந்தாம் பெட்டுக்காரருக்கு வெள்ளைதான். அவருடையதை இவருக்குக் கொடுத்திருக்கிறாள்! "இது என்ன மாத்திரைம்மா?" என்று கேட்டேன். "டாக்டர் எழுதினதுதான். உங்களுக்கு எல்லாம் தெரியணுமா?" என்றாள்.

புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் எழுதியது என்று அங்கே யாரும் நம்பவில்லை. நாள், மணி, மாத்திரை நிறம் எல்லாம் என் நோட்டில் இருந்ததே. அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இருபதாம் தேதி விசாரணை. நீ மருந்து படித்தவள், நீயே சொல். அவளை விடக்கூடாது, இல்லையா?

உன் அண்ணி

ஜூன் 7

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை எங்கள் ஆஸ்பத்திரி மருந்தகக் கவுண்டரில் நின்றபடியே படித்தேன். அண்ணனைப் பார்க்க லீவு கேட்டிருக்கிறேன், கிடைக்கும் என்று தோன்றவில்லை. இங்கே ஆளே இல்லை.

பெயர் கேட்காமல் மருந்து கொடுத்தது தவறுதான். பெட் நம்பர் ஒரு ஆளாகிவிடாது. பெயரையும் பிறந்த தேதியையும் நோயாளியே சொல்லக் கேட்ட பிறகுதான் மாத்திரை கைக்கு வர வேண்டும். ஆனால் அண்ணி, எது நடந்தாலும் 'எப்படி நடந்தது' என்று முதலில் கேட்கச் சொல்லித்தான் எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். 'யார்' என்பது அப்புறம். ஆளை அனுப்பிவிட்டால் குழி அங்கேயே இருக்கும், அடுத்தவர் விழுவார்.

போன மாதம் நானே ஒரு குழந்தைக்குப் பத்து மடங்கு மருந்தை அளந்து வைத்துவிட்டேன். கூட வேலை பார்ப்பவள் கவனித்துத் தடுத்தாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் எழுதிக் கொடுக்க வேண்டும், மயிரிழையில் தப்பியவற்றுக்கென்றே ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். அதில் நானே எழுதினேன்.

எனக்கு ஒரு சந்தேகம். பதினைந்தாம் பெட்டுக்காரரின் மாத்திரை அண்ணனுக்கு வந்திருந்தால் அவருக்குக் குறைந்திருக்க வேண்டுமே? குறைந்ததா? அந்த நாட்களில் அண்ணன் வாய்க்குள் போன எல்லாவற்றையும், யார் கொடுத்திருந்தாலும், மணிப்படி ஒரே தாளில் எழுதி அனுப்புங்கள். மாத்திரை அட்டைகள் இருந்தால், அவற்றில் பெரிய எழுத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் பெயரையும் பார்த்து எழுதுங்கள்.

உங்கள் குட்டி

ஜூன் 11

என் செல்லக் குட்டிக்கு,

நீ கேட்டபடி எழுத உட்கார்ந்தேன். என் நோட்டில் முன்பக்கத்திலிருந்து வீட்டு மாத்திரை, நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து ஆஸ்பத்திரி மாத்திரை. இரண்டும் கலந்துவிடக் கூடாது என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட ஒழுங்கு. இப்போதுதான் முதல் தடவையாகச் சேர்த்து எழுதுகிறேன்.

திங்கள். காலை ஆறு மணி, பிரார்த்தனை முடிந்ததும் பிரஷருக்கான ரோஸ் மாத்திரை ஒன்று, நான் கொடுத்தது. எட்டு மணி, வெள்ளை ஒன்று, சுருட்டை.

செவ்வாய். ஆறு, ரோஸ், நான். எட்டு, வெள்ளை, சுருட்டை.

புதன். ஆறு, ரோஸ், நான். எட்டு

குட்டி, பேனாவை வைத்துவிட்டுப் போய் அட்டைகளை எடுத்து வந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது மிச்ச மருந்தை ஒரு உறையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். நிறம் வேறு, கம்பெனி வேறு, பெரிய எழுத்தில் பெயரும் வேறு. சின்ன எழுத்தை விரல் வைத்துக் கூட்டிப் படித்தேன். எட்டு இங்கிலீஷ் எழுத்து. இரண்டு அட்டையிலும் அதே எட்டு. மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

எனக்கு என்ன தெரியும்? ஒரு நாள்கூட விடக்கூடாது என்று பழைய டாக்டர் சொன்னாரே. பதினோரு வருஷத்தில் நான் ஒரு நாளும் விட்டதில்லையே. ஆஸ்பத்திரியில் யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர் உள்ளே படுத்திருக்கிறார். மூச்சு வருகிறதா என்று இரண்டு தரம் போய்ப் பார்த்துவிட்டேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டால் உனக்குத் தெரியாது. ஆண்டவனுக்குத் தெரியுமே.

அண்ணி

ஜூன் 15

அண்ணி,

கடிதம் வந்தது. முதலில் எழுதிய பதிலைக் கிழித்துவிட்டேன். அதை எழுதும்போது எனக்கு மருந்துப் படிப்பு எதுவும் ஞாபகத்தில் இல்லை. அவர் என் அண்ணன் என்பது மட்டும்தான் இருந்தது.

பழைய டாக்டரின் சீட்டைப் பார்த்து அதே மருந்தை வேறு கம்பெனியில் எழுதியிருப்பார்கள், அது தினமும் இரண்டு மடங்காகி நாடியை இறக்கிவிட்டது. நோயாளியைச் சேர்க்கும்போதே வீட்டு மருந்துகளைக் கையில் வாங்கிப் பார்த்து, ஆஸ்பத்திரிப் பட்டியலோடு ஒத்துப்பார்க்க வேண்டும். அதைச் செய்யவில்லை. அது அவர்கள் விட்டது. ஆனால் அந்தப் பெண் கொடுத்தது அண்ணனுடைய மருந்துதான். இருபதாம் தேதி அவளுக்காகப் பேச அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள். நீங்கள் போகாவிட்டால் நான் ஆஸ்பத்திரிக்கு எழுதுவேன். அண்ணனிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அவர் தங்கை

ஜூன் 23

குட்டிக்கு,

போனேன். நீளமான மேசை, அந்தப் பக்கம் நான்கு பேர். ஓரத்து நாற்காலியில் அவள். சீருடை இல்லாமல் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தாள். தாளை வைத்துவிட்டு, "இதுல ஆறு மணி மாத்திரை நான் கொடுத்தது. எட்டு மணிக்கு இவங்க கொடுத்ததும் அதே மருந்துதான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

பெரிய டாக்டர் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ வீட்டுக்காரங்க கொடுத்ததுதான். நம்ம மேல தப்பில்ல. ஃபைலை மூடிடலாம்" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! "மூடாதீங்க சார். நான் கொடுத்தேன், இல்லைங்கல. ஆனா மேசை மேல இருக்கிற அட்மிஷன் தாள்ல 'கையில் வீட்டு மருந்து இல்லை'ன்னு இருக்கே, யாரைக் கேட்டு எழுதுனீங்க? இன்னிக்கு மூடிட்டா நாளைக்கு இன்னொருத்தி வருவா, கைப்பையில மாத்திரையோட" என்றேன்.

ஓரத்து நாற்காலியிலிருந்து அவள் எழுந்தாள். "அதை நான்தான் எழுதினேன் சார். அன்னிக்கு முப்பத்திரண்டு பேருக்கு நாங்க ரெண்டே பேர். கேக்காமலே எழுதிட்டேன்." அதுவரை யாருக்கும் தெரியாத விஷயம், குட்டி. அவளாகச் சொன்னாள்.

ஒன்றாம் தேதியிலிருந்து அவள் வேலைக்கு வரலாம். இனி சேர்க்கும்போதே வீட்டு மாத்திரைகளை வாங்கிப் பார்ப்பார்களாம். செய்வார்களா, பார்க்கலாம். வெளியே வந்ததும் அவள் கையைப் பிடிக்கப் போனேன். இழுத்துக்கொண்டாள். "பதினெட்டு நாள் எங்க வீட்டுல யாரும் சரியா சாப்பிடலைம்மா. என்னால மறக்க முடியாது." "மறக்காதே" என்றேன். வேறு என்ன சொல்ல?

அன்று மத்தியானம் உன் அண்ணனிடம் சொன்னேன். சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு, "அந்த டப்பாவை இங்க வை. இனிமே நானே போட்டுக்கறேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மூன்று நாளாக டப்பா அவர் பக்கம் இருக்கிறது. போட்டாரா, மறந்தாரா, கேட்கவும் வாய் வரவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. இன்று காலை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து சத்தம் போட்டார்: "ஏய், போட்டாச்சு! ஒண்ணுதான்!"

குழாயை மூடாமல் நின்றுவிட்டேன்.

என்னை நோக்கி அவர் அவ்வளவு தூரம் வந்துவிட்டார். நீயும் அப்படி வா என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனால் கிழித்துப் போட்டாயே ஒரு கடிதம், அதை மறுபடி எழுதி அனுப்பு. ஒரு வார்த்தை குறைக்காதே. உன் கோபம் முழுவதையும் அதில் படித்த பிறகுதான் உன் அடுத்த கடிதத்தை என்னால் நம்பிப் பிரிக்க முடியும்.

உன் அண்ணி