முள் இறங்கிய இடம்

திண்டிவனம்,
வியாழக்கிழமை.

அன்புள்ள கலைப்பிரியாவுக்கு,

மணிமாறன் எழுதுவது. நலமா என்று கேட்டால் உனக்குக் கோபம்தான் வரும், ஆகவே கேட்கவில்லை. என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். மாமாவுக்குப் போன் போட்டால், "இப்ப பேசுற மாதிரி இல்ல மாப்ள, கொஞ்ச நாள் போவட்டும்" என்கிறார். எத்தனை நாள் என்று கேட்டேன். வைத்துவிட்டார். அதனால்தான் கடிதம். இதற்கு முன் நான் கடிதம் என்று எழுதியது பாலிடெக்னிக்கில் லீவு கேட்டுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில், தேர்வு மையத்தின் மூடிய கேட்டுக்கு முன்னால் நின்று, "உங்க வண்டியாலதான் எல்லாம் போச்சு" என்றாய். எட்டு நிமிஷம் தாமதம் என்று உன்னை உள்ளே விடவில்லை. இரண்டு வருஷம் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படித்தவளுக்கு அது பெரிய அடி, மறுக்கவில்லை. ஆனால் வண்டி என்ன செய்தது என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் எண்ணூறு கார், தொண்ணூற்றொன்பது மாடல். மூன்று சிலிண்டர், 796 சிசி, கார்புரேட்டர். புதிதாக இருந்தபோது முப்பத்தேழு குதிரைத்திறன். இன்றைக்கு முப்பது இருந்தால் அதிகம். அதைச் சூடாகாமல் காப்பாற்றுவது மூன்றரை லிட்டர் தண்ணீர், அவ்வளவுதான். என்ஜினின் மேல் பாகத்தை ஹெட் என்போம், அது அலுமினியம். கீழே பிளாக், இரும்பு. தண்ணீர் தீர்ந்தால் இரண்டும் ஒரே அளவில் விரியாது. நடுவில் இருக்கும் கேஸ்கட் எரிந்துபோகும். எரிந்தால் வண்டி நிற்கும். நின்றது.

இந்த வயதுப் பெட்ரோல் என்ஜினுக்கு இதெல்லாம் வருவதுதான். காலையில் சோக் இழுத்தால்தான் எழும். வெயிலில் பெட்ரோல் பம்பு சூடாகி, பெட்ரோல் ஆவியாகி நின்றுபோகும். டைமிங் பெல்ட் சொல்லாமல் அறும். ஒவ்வொன்றையும் நான் பார்த்துத்தான் வந்தேன். ஐ.டி.ஐ.யில் ஐந்து வருஷமாக இதைத்தான் பாடம் நடத்துகிறேன், எனக்குத் தெரியாதா?

கூட்டேரிப்பட்டு தாண்டி நின்றதும், பம்புக் கோளாறு என்று நினைத்தேன். உன் தண்ணீர் பாட்டிலை வாங்கித் துணியை நனைத்துப் பம்பின் மேல் போட்டேன். அது தப்பான கணிப்பு. கணிப்பு யாருக்கும் தப்பும். அதற்காக அப்படியே விழுப்புரத்திலேயே அம்மா வீட்டுக்குப் போய்விடுவதா?

வண்டி யாஹ்யா பாய் பட்டறையில் நிற்கிறது. சனிக்கிழமை ஹெட்டைக் கழற்றுகிறோம். கழற்றினால் எது யார் தப்பு என்று தெரிந்துவிடும். நீ ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடு. பிடிவாதம் வேண்டாம்.

இப்படிக்கு,
மணிமாறன்.


திண்டிவனம்,
திங்கட்கிழமை.

கலை,

கழற்றினோம்.

ரேடியேட்டரின் அடிக் குழாயை உருவியதும் யாஹ்யா பாய் விரலை விட்டு எடுத்து முகர்ந்து பார்த்தார். "இன்னா சார் இது, உள்ள கொழம்பு வெச்சிக்கினு இருந்தீங்களா?" என்றார். பட்டறையே சிரித்தது. மஞ்சள் தூள். குழாய் குழாயாக மஞ்சள் சேறு அடைத்துக் கிடந்தது. "எவன் சார் இத்தப் போட்டவன்? அதுவும் வாத்தியாரு வண்டில!" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

அவரிடம் சொன்னது பொய். போட்டவன் நான்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ரேடியேட்டரில் ஊசிமுனை அளவுக்குக் கசிவு வந்தது. கழற்றிப் பற்றவைத்திருந்தால் ஒருநாள் வேலை. எனக்குப் பொறுமை இல்லை. வழியில் கசிந்தால் லாரிக்காரர்கள் ஒரு ஸ்பூன் மஞ்சள் தூள் போடுவார்கள், சூட்டில் உப்பி ஓட்டையை அடைத்துக்கொள்ளும், ஊர் போய்ச் சேரலாம். நான் டப்பாவில் இருந்ததை முழுசாகக் கொட்டினேன். மறுநாள் நீ மஞ்சள் தூள் எங்கே என்று தேடினாய். பல்லி விழுந்துவிட்டது, கொட்டிவிட்டேன் என்றேன். கசிவு நின்றதும் எனக்கு ஒரே பெருமை. ஓட்டையை அடைத்தது மற்றக் குழாய்களையும் அடைக்கும், தண்ணீர் சுற்றாமல் கொதித்துத் தீரும் என்பதை என்னிடம் படிக்கிற முதலாண்டு மாணவன்கூடச் சொல்லுவான்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன்.

கூட்டேரிப்பட்டுக்கு முன்னால் நீ சொன்னாய்: "ஏங்க, அந்த முள்ளு மேல போய்க்கினே இருக்குதே." உன் வேலையைப் பார் என்றேன். "பஸ் ஸ்டாப் வருது, நான் எறங்கி பஸ்ஸுல போயிடறேனே" என்றாய். அந்த நேரத்தில்தான் முள் சட்டென்று கீழே இறங்கியது. நான் மீட்டர் கண்ணாடியை விரலால் தட்டி, "பாத்தியா, எறங்கிடிச்சு, மீட்டர்தான் பேஜாரு" என்று சிரித்தேன். நிறுத்தாமல் ஸ்டாப்பைத் தாண்டினேன்.

ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். சூடு காட்டும் முள் ஏறினால் வண்டியை நிறுத்து. ஏறிய முள் தானாகச் சடக்கென்று விழுந்தால் அந்த இடத்திலேயே என்ஜினை அணை. சென்சாரை நனைக்கக்கூட உள்ளே தண்ணீர் இல்லை என்று அர்த்தம். கேள்வித்தாளில் ஐந்து மதிப்பெண். நான் எழுதின பாடத்தை உன் கண் படித்தது, என் கண் படிக்கவில்லை.

பெட்ரோல் பம்பு என்று சொன்னதும் அப்படித்தான். காலை ஏழரை மணிக்குப் பெட்ரோல் ஆவியாகாது. எனக்குத் தெரியும். மஞ்சளை நினைக்காமல் இருக்க வேறு ஏதாவது ஒரு கோளாறு எனக்கு அப்போது தேவைப்பட்டது.

விழுப்புரம் பஸ் மூன்று போயிற்று. மூன்றாவதற்கு நீ கை நீட்டினாய். நான் உன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கி, "ரெண்டு நிமிஷம்" என்றேன். ஐம்பது நிமிஷம் ஆயிற்று. மோட்டார் மெக்கானிக் வாத்தியார் பெண்டாட்டி, அவன் வண்டியை ரோட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறினாள் என்று யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயம். யாருமே பார்க்கவில்லை. மல்லாட்டை மூட்டை ஏற்றிவந்த லோடு வண்டிக்காரர்தான் நிறுத்தினார். "மூட்ட மேல உக்காந்துக்கினு வருவியாம்மா?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் ஹால் டிக்கெட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறிவிட்டாய். பின்னால் ஏறிய என்னைத் திரும்பியே பார்க்கவில்லை.

ஹெட்டின் மேல் நேர்க்கோல் வைத்து அளந்தேன். 0.05 மில்லிமீட்டர் வரை வளைந்தால் மன்னிக்கலாம். நம்முடையது 0.22.

முதல் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. எனக்கு ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது. சமைக்கப் போனால் அந்த டப்பா கண்ணில் படுகிறது, அதனால் கடையில்தான் சாப்பிடுகிறேன். என்னால் முடியவில்லை கலை.

மணிமாறன்.


திண்டிவனம்,
பத்தாம் தேதி.

அன்புள்ள கலைப்பிரியாவுக்கு,

பதில் வரவில்லை. மாமாவிடம் கேட்டேன். "படிச்சா. மடிச்சு வெச்சா. திரும்பப் படிக்க உக்காந்துட்டா" என்றார். எதைப் படிக்க என்று அவசரமாகக் கேட்டுவிட்டேன். "பரீட்சைக்குத்தான் மாப்ள. உங்க கடுதாசிய ரெண்டாவது தரம் வேற படிப்பாளா?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை.

அதன் பிறகுதான் உன் நோட்டெல்லாம் இங்கே கிடப்பது உறைத்தது. புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு பஸ்ஸில் வந்தேன். வாசலில் உன் செருப்பு கிடந்தது. லோடு வண்டியில் ஏறும்போது அறுந்த வாருக்கு ஊக்கு குத்தியிருக்கிறாய். உள்ளே நீ சத்தம் போட்டு மனப்பாடம் செய்வது கேட்டது. மாமா கூப்பிடட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். பையைக் கொடுத்தேன். அத்தை கொடுத்த மோரை நின்றபடியே குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஒரு வேலையைக் கெடுக்காமல் இருக்க என்னாலும் முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இருபத்தோராம் தேதி அடுத்த தேர்வு. மையம் திண்டிவனம் என்று நாம் இரண்டு பேரும் உட்கார்ந்துதான் போட்டோம், வீட்டிலிருந்து நடந்து போய்விடலாம் என்று. இப்போது நீ விழுப்புரத்திலிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர் வர வேண்டும். அதனால் இரண்டு நாள் காலையில் இங்கே பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தேன். அங்கே ஐந்து நாற்பதுக்கு எடுக்கிற பஸ் ஆறே முக்காலுக்குள் வந்துவிடுகிறது. அதில் ஏறு. அது தவறினாலும் பின்னால் நான்கு பஸ் இருக்கிறது.

வீட்டுச் சாவி மேல் வீட்டு ரோஜா அக்காவிடம் இருக்கும். முகம் கழுவி, சாப்பிட்டுவிட்டுப் போ. இட்லி அக்காவே கொடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். "நீ இன்னா பண்ணியோ தெரியல, அது நல்ல பொண்ணுப்பா" என்றார்கள். நான் வீட்டில் இருக்க மாட்டேன். கேட்டுக்கு எதிரிலும் வந்து நிற்க மாட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனால் பாதிக் கேள்வி மறந்துபோகும். புது மஞ்சள் தூள் வாங்கி வைத்திருக்கிறேன். கவர் பிரிக்கவில்லை.

வண்டியைப் பற்றி நீ கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். மஞ்சள் போட்டவன் நான்தான் என்று யாஹ்யா பாயிடம் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தியாயிற்று. புது ரேடியேட்டர், புது கேஸ்கட் எல்லாம் வந்துவிட்டது. "மூடிடலாமா சார், தூசி விழுது, ஜல்தி சொல்லுங்க" என்று தினமும் கேட்கிறார். எதற்கும் பொறுக்காத எனக்கு அதற்கு மட்டும் வாய் வரவில்லை. பழைய துணி ஒன்றைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். மாட்டு என்று நீ சொன்னால் மாட்டுவேன். எடைக்குப் போடு என்றால் அன்றைக்கே போடுவேன்.

பஸ் வழியில் எங்காவது நின்றால், "ரெண்டு நிமிஷம்" என்று யாராவது சொன்னால், நம்பாதே. இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் கை நீட்டு. அந்தக் கையை யாரும் பிடிக்க மாட்டார்கள்.

நீ நன்றாக எழுதுவாய். எழுத வேண்டும். தேர்வு பன்னிரண்டரைக்கு முடிந்துவிடும். அதன் பிறகு விழுப்புரம் பஸ் நிறைய இருக்கிறது, அந்த நேரங்களை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். சாவியை மட்டும், ரோஜா அக்காவிடம் திருப்பிக் கொடுக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. நீ வந்து திறக்கும்வரை நான் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன்.

உன்,
மணிமாறன்.