காற்றுக்கு வாங்கிய கார்

நேற்றுப் பின்னேரம் பக்கத்துக் காணிக்காரர் மோட்டார் சைக்கிளை வெளியில் எடுத்தார். சின்ன மருந்துப் போத்தலில் இருந்து நாலைந்து சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். வெள்ளைப் புகை வேலிக்கு மேலால் வந்தது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை அப்படியே நின்றது. உங்களுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தேன். இந்தக் கொட்டிலில் நீங்கள் ஒருநாளும் இருந்ததில்லை. அது தெரிந்தும் பார்த்தேன்.

எனக்கு எழுத்து வேலை பெரிதாக ஓடாது. ஆனால் உங்களோடு கதைக்க வேறு வழியைக் காணவில்லை.

என்னைக் கட்டினபோது நீங்கள் சீமெந்து லொறி ஓடின ஆள். கண்ணாடியை ஏற்றினாலும் தூள், இறக்கினாலும் தூள். நாற்பது வயதுக்கு முன்னமே முட்டு வருத்தம் வந்து, மூச்சு ஏலாமல் லொறியை விட்டீர்கள். "என்ரை நெஞ்சுக்குள்ளை அரைச் சாக்குச் சீமெந்து கிடக்கு. தண்ணி படாமல் பாத்துக்கொள்ளும், இறுகிப்போடும்" என்று சொல்லிச் சிரிப்பீர்கள். சிரித்து முடிக்க இழுக்கும். வீட்டுக்குள் இருந்தால் நீங்கள் கதைப்பது மிகவும் குறைவு. ஒரு வசனம் சொன்னால் அடுத்ததற்கு மூச்சுச் சேர்க்க வேண்டும். முகத்தில் காற்று அடிக்கிற இடத்தில்தான் உங்களுக்கு நெஞ்சு திறக்கும். அதற்காகத்தான் கார் வாங்குகிற கதையே வந்தது. ஞாயிற்றுக்கிழமையில் கடற்கரைப் பக்கம் ஓடிவர ஒரு பழைய கார். அந்த வருடம் உரும்பிராயில் எங்கள் தோட்டத்து மிளகாய் நன்றாக வந்திருந்தது.

முதலில் அச்சுவேலியில் ஓர் ஒஸ்ரின் கார் பார்த்தோம். லொறியில் உங்களோடு கிளீனராக ஓடி, பிறகு கராச் போட்ட ராசு அண்ணையும் வந்திருந்தார். கார் நல்ல கார்தான். ஆனால் அதன் சொந்தக்காரர் அதற்குள் காயவைத்துக் கட்டின புகையிலைப் பாடம் ஏற்றித் திரிந்திருக்கிறார். நீங்கள் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினதுதான், அடுத்த கணம் வெளியே வந்து படலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றீர்கள். நான் முதுகைத் தடவினேன். சொந்தக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, நான் இன்னும் விலையே சொல்லேல்லை, அதுக்கிடையிலை முட்டு வந்திட்டுதே?" என்றார். உங்களுக்குச் சிரிக்கவும் முடியவில்லை.

பிறகுதான் காங்கேசன்துறைக் காரைப் பற்றி ராசு அண்ணை சொன்னார். வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவர் வைத்திருந்தது. எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்தோடு அவர் தன் நாட்டுக்குப் போய்விட்டார். விற்றுத் தரும்படி தன் சமையல்காரரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சிவப்புக் கார். பூனை பதுங்கினது மாதிரி நிலத்தோடு கிடந்தது. கூரையைக் கழற்றி முன்பெட்டிக்குள் வைக்கலாம். இருக்கை இரண்டே இரண்டுதான்.

ராசு அண்ணை நேரே போய் முன்மூடியைத் தூக்கினார். உள்ளே எஞ்சின் இல்லை. பின்னுக்குப் போனார். பின்மூடியைக் கட்டை கொடுத்து நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அதற்குள்ளும் எஞ்சின் இல்லை, ஒரு கோழி அடைகிடந்தது.

"ஐயோ மச்சான், எஞ்சினைக் கழட்டி வித்துப்போட்டு எங்களுக்குத் தகரத்தை விக்கப் பாக்கிறாங்களடா!"

"அவசரப்படாதையும் ராசு" என்றீர்கள் நீங்கள். "கோழியிலை ஓடுற காராக்கும். எத்தினை முட்டைக்கு எத்தினை மைல் எண்டு கேளும்."

சமையல்காரர் சிரித்துச் சிரித்து வந்து, இருக்கைகளுக்குப் பின்னால் இருந்த இன்னொரு மூடியைத் திறந்து காட்டினார். நட்டநடுவில், சாய்ந்திருப்பவரின் முதுகோடு முதுகாக எஞ்சின் இருந்தது. ராசு அண்ணை தலையைச் சொறிந்தார். "உது எனக்குச் சரிவரேல்லை மச்சான். அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிற மாதிரி. கூரையை மூடினியோ, சூடும் மணமும் உள்ளுக்கைதான் வரும்."

"கூரையை ஏன் மூடுறது?" என்று கேட்டீர்கள்.

ஓடிப் பார்க்க ராசு அண்ணைதான் பக்கத்தில் ஏற நின்றார். நீங்கள் அவரை மறித்துவிட்டு, "இஞ்சாரும், நீர் ஏறும்" என்றீர்கள். கடற்கரை வழியே கீரிமலை வரைக்கும் போனோம். போகிற வழி முழுக்கக் கதைத்துக்கொண்டே வந்தீர்கள். லொறியில் போன ஊர்கள், மலைநாட்டுக் குளிர், வழியில் படுத்த கடைகள். எங்களுக்குக் கலியாணமாகிப் பன்னிரண்டு வருடம். இவ்வளவும் நான் முதல் தரம் கேட்கிறேன். இடையில் ஒரு தரமும் மூச்சுக்கு நிற்கவில்லை. திரும்பி வந்து காரை நிறுத்தி, "என்ன செய்வம், நீர் சொல்லும்" என்றீர்கள். நான் வேறொன்றையும் பார்க்கவில்லை. "எங்களுக்கு இது காணும், வேறை பாக்கவேண்டாம்" என்றேன்.

உங்கள் தங்கச்சி வந்து காரைச் சுற்றிப் பார்த்தாள். "பிள்ளை குட்டி இல்லாத ஆக்களுக்கு ரண்டு சீற்றுக் காணும்தானே மச்சாள்" என்றாள். நான் தேத்தண்ணி போட உள்ளே போய்விட்டேன். நீங்கள் அவளிடம் என்ன சொன்னீர்களோ தெரியாது, அவள் தேத்தண்ணி குடிக்காமலே போனாள்.

கோவிலுக்குக் கொண்டுபோனோம். சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, தேங்காய் உடைத்து, ஐயர் முன்மூடியைத் திறக்கச் சொல்லி எஞ்சினுக்கென்று திருநீறும் சந்தனமும் போட்டார். அங்கே எஞ்சின் இல்லை என்று சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. வெறும் பெட்டிக்குப் பூசை நடந்தது. வெளியே வந்து சிரித்தோம். இப்போது இங்கே தனியே கிடக்கும்போது அதையும் யோசிக்கிறேன். அந்த எஞ்சினுக்குத் திருநீறு படவில்லை. அதுதானோ எல்லாம் இப்படி முடிந்தது? ஆனால் திருநீறு பட்ட வாகனங்களும்தானே றோட்டோரத்தில் எரிந்து கிடந்தன. என் மனம் எதையாவது பிடிக்கப் பார்க்கிறது. பிடிக்க ஒன்றும் இல்லை.

எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. மழை தூறினாலும் கூரை போட விடமாட்டீர்கள். என் சேலைத் தலைப்பு பறந்து உங்கள் முகத்தை மூடும். "ஏனப்பா, ஆளைக் கொல்லவே யோசிச்சனீர்?" என்று கையால் தள்ளிவிட்டுத் தொடர்ந்து கதைப்பீர்கள். கிழமை முழுவதும் சேர்த்து வைத்த கதை எல்லாம் அந்த ஒரு பின்னேரத்தில் வரும். எனக்குக் கடலும் வேண்டாம், கீரிமலைக் கேணியும் வேண்டாம். அந்தக் கதைக்காகத்தான் நான் ஏறினேன்.

பிறகு அந்தப் பக்கம் ஆமி முகாம் பெருத்தது. கீரிமலைக்குப் போக முடியாமல் போயிற்று. தெல்லிப்பழையோடு திரும்பினோம். பிறகு சுன்னாகத்தோடு. தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு அரசாங்கம் தடை போட்டதில் பெற்றோலே வராமல் நின்றுவிட்டது. எல்லோரையும் போல நாங்களும் மண்ணெண்ணெய்க்கு மாறினோம். பெற்றோல் சொட்டு விடுகிற வேலை எனக்கு. இருக்கைக்குப் பின்னால் இருந்த எஞ்சின் மூடியைத் திறந்து நான் சொட்டுவிட, நீங்கள் திறப்பைத் திருப்புவீர்கள். ராசு அண்ணை சொன்ன மணம் அப்போதுதான் வந்தது. முதுகுக்குப் பின்னால் வெந்த மண்ணெண்ணெய். கூரை இல்லாமலும் அது எங்களை விட்டுப் போகவில்லை. கோப்பாய்ச் சந்தி வருமுன் உங்களுக்கு இழுத்தது. மூச்சுக்காக வாங்கின கார் மூச்சைப் பிடித்தது. காரைக் கல்லில் ஏற்றிச் சில்லுகளைக் கழற்றி வைத்தீர்கள். பிழையாய் வாங்கிவிட்டோம் என்று நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் சொல்லமாட்டேன். அப்படி ஒரு காலம் வருமென்று எந்தக் கார்க்காரனுக்குத் தெரியும்?

முட்டு மருந்தும் வரவில்லை. ராசு அண்ணை கனடாவுக்குப் போனார். நீங்கள் முற்றத்தில் காற்று வருகிற பக்கம் பார்த்துக் கதிரையில் இருந்தீர்கள். கதை நின்றுவிட்டது. ஒன்று வேண்டுமென்றால் கையால் காட்டுவீர்கள்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசியில் ஆமி கிட்ட வந்துவிட்டது, எல்லோரும் உடனே ஊரை விட்டு வெளிக்கிட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். உங்களால் ஒழுங்கை முடிவு வரை நடக்க ஏலாது. சயிக்கிளில் உங்களை ஏற்றி உழக்க எனக்கு ஏலாது. நீங்கள் போய்ச் சில்லுகளை எடுத்தீர்கள்.

"அந்தப் புகைக்குள்ளை வேண்டாம்" என்றேன்.

"வேறை என்ன இருக்கு?" என்றீர்கள்.

றோட்டெல்லாம் சனம். மழை. மாடு, ஆடு, சயிக்கிளில் கட்டின மூட்டை, தூக்கி வந்த வயதானவர்கள். நடக்கிறவர்களை விட மெல்லமாகத்தான் கார் போனது. காற்று இல்லை. புகை எங்கள் மேலேயே நின்றது. செம்மணி வெளிக்கு வரும்போது விடிந்திருந்தது. உங்கள் உதடு நீலமாகப் போய்விட்டது. கையை நீட்டி எஞ்சினை நிறுத்தினீர்கள். பின்னால் வந்தவர்கள் கத்தினார்கள்.

"அண்ணை, காரை எடுங்கோ, இல்லாட்டித் தள்ளி விழுத்துங்கோ, சனம் போகவேணும்!"

நான் இறங்கிப் பின்னால் போய்த் தள்ளினேன். சின்னக் கார், அசைந்தது. நீங்கள் ஸ்ரேரிங்கைப் பிடித்திருந்தீர்கள். யாரோ ஒரு மனுசி தன் மூட்டையைப் பின்மூடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் கை கொடுத்தாள்.

நாவற்குழிப் பாலத்தில் ஏறும்போது காற்று வந்தது. கடல் நீரேரியைத் தாண்டி வருகிற நல்ல உப்புக் காற்று. புகை இல்லை, எஞ்சின் இல்லை. உங்கள் தோள் இறங்கினதைப் பின்னால் இருந்து கண்டேன். மூச்சு வந்துவிட்டது. நீங்கள் கதைக்கத் தொடங்கினீர்கள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஞாயிற்றுக்கிழமையில் போல முன்னுக்குப் பார்த்துக்கொண்டே கதைத்தீர்கள். இடையில் ஒரு கையை வெளியே நீட்டி எதையோ காட்டினீர்கள். பாலம் முழுவதும் கதைத்தீர்கள்.

சனத்தின் இரைச்சலிலும் மழையிலும் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. தள்ளுவதை விட்டு முன்னுக்கு வந்து கேட்டால் கார் நின்றுவிடும். கேட்கவில்லை என்று சொன்னால் உங்கள் கதை நின்றுவிடும். அதனால் நீங்கள் குரலை நிறுத்துகிற இடமெல்லாம் பார்த்து, எல்லாம் கேட்டு ஒப்புக்கொள்கிறவள் போல "ஓம், ஓம்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு தள்ளினேன். பக்கத்து மனுசி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

பாலத்துக்கு அங்கால் காரை றோட்டோரம் விட்டோம். அங்கிருந்து ஒரு மாட்டுவண்டிக்காரர் உங்களை ஏற்றினார். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் நூறு பேரோடு ஒடுங்கிக் கிடந்தோம். காற்று இல்லாத மூலைதான் எங்களுக்குக் கிடைத்தது. அங்கே திரும்ப இழுக்கத் தொடங்கியது. இந்தத் தரம் அது விடவில்லை. என் கையைப் பிடித்திருந்தீர்கள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அடுத்த நாள் பின்னேரம் உங்களைச் சுடலைக்குக் கொண்டுபோனோம்.

இப்போது கொடிகாமத்தில், முன்பின் தெரியாத ஒருவரின் தென்னங்காணியில் இருக்கிறேன். நல்ல காற்று வருகிற இடம். சனம் வந்து, "கவலைப்படாதையுங்கோ அக்கா, அவர் கஷ்டப்படாமல் போயிட்டார்" என்கிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

நீங்கள் பாலத்தில் என்ன சொன்னீர்கள்? கடலைக் காட்டினீர்களா? வீட்டைப் பற்றியா, நான் என்ன செய்ய வேண்டும் என்றா, உங்களை விட்டுவிட்டு நடந்து போ என்றா? தண்ணி அள்ளும்போது, சேலை துவைக்கும்போது, ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் பொருந்துவதில்லை. எதுவென்று தெரியாமல் அத்தனைக்கும் ஓம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.