ரெசிஸ்டர் போடமாட்டேன், நைனா

என் பிரியமான நைனாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் தோணிரேவில் உன் வருஷ காரியம் நடந்தது. அம்மா இறால் தொக்கு வைத்துப் படைத்தாள். நான் மட்டும் கோபமாகவே உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் உன் மேலும்தான்.

படகு எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து உன் காது மந்தமாகிப் போனது. முதல் சம்பளத்தில் நான் வாங்கித் தந்த காது மெஷினை ரெண்டே நாளில் ஏரியில் வீசினாய். "இன்னாத்துக்கு இது? எஞ்சின் சத்தத்தையும் சேத்துல்ல காதுல கொட்டுது" என்றாய். ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. ஆனால் நீ சொன்னது நியாயம்தான். அதனால்தான் எங்கள் சிப் கம்பெனிக்குக் காது மெஷின் வேலை வந்ததும், பேச்சை விட்டு இரைச்சலை நிறுத்துகிற ஃபில்டரை நான் செய்கிறேன் என்று கேட்டு வாங்கினேன்.

இதை உனக்குச் சொல்லவே இல்லை, இப்போது கேள். ஃபில்டரில் மின்சாரத்தை மட்டுப்படுத்தி விட ரெசிஸ்டர் போடுவார்கள். காதுக்குள் நுழைகிற சிப்பில் அவ்வளவு பெரிய ரெசிஸ்டருக்கு இடம் ஏது? போட்டாலும் அதன் அளவு சூட்டுக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று. அதற்குப் பதில் மின்சாரத்தைப் பிடித்து வைக்கிற ஒரு குட்டிக் கெப்பாசிட்டரும் ரெண்டு பக்கமும் சுவிட்சும் வைத்தேன். ஒரு சுவிட்சைப் போட்டால் நிரம்பும். அதை அணைத்து மற்றதைப் போட்டால் கொட்டும். படகில் ஏறின தண்ணீரை டின்னால் மொண்டு ஊற்றுகிற மாதிரிதான். டின் எத்தனை பெரிசு, எத்தனை வேகமாக மொள்ளுகிறோம், அவ்வளவுதான் விஷயம்.

சுவிட்சுகளுக்கு முறை வைத்து ஆணை போகும். முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று எல்லாரும் பெயர் வைப்பார்கள். நான் பாடு ஒன்று, பாடு இரண்டு என்று எழுதினேன். நம் ஏரியில் இன்று ஒரு கூட்டம், நாளை ஒரு கூட்டம் என்று முறை வைத்து வலை போடுகிறோமே, அந்தப் பாடு. படாத பாட்டில் வருகிற பாடா என்று கேட்டு என் மேலதிகாரி சிரித்தார். சிரிக்கட்டும். ஊரில் பெண்ணுக்குப் பாடு கிடையாது. என் சிப்பில் ரெண்டு பாடும் என்னுடையது.

முதல் சிப் போன மாதம் வந்தது. இரைச்சல் நிற்கவில்லை, பேச்சும் கரகரவென்று கேட்டது. ரெசிஸ்டரையே சிப்புக்கு வெளியே வைத்துவிடலாம், வேலையை வேறு ஆள் பார்க்கட்டும் என்றார் மேலதிகாரி. வெளியே வைத்தால் அந்த மெஷின் காதுக்குள் போகுமா? மூன்று வாரம் தேடியும் தப்பு அகப்படவில்லை.

உன் படையலன்று கரையில் பெரிய சண்டை. என்னவென்று அம்மாவைக் கேட்டேன். "அவங்க வலையை எடுக்கறதுக்குள்ள இவங்க எறக்கிட்டாங்களாம்" என்றாள், இலையைத் துடைத்துக்கொண்டே. அப்போதே என் சிப் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன்.

ஒரு பாட்டின் ஆணை போகும் கம்பியை நான் ரொம்பச் சுற்றி இழுத்திருந்தேன். ஆணை தாமதமாகப் போய்ச் சேர்ந்ததால், முதல் சுவிட்ச் அணைவதற்குள் இரண்டாவதும் போட்டுக்கொண்டது. அந்தக் கண நேரத்தில் மின்சாரம் மொள்ளாமலே நேராக ஓடியிருக்கிறது. பாடு பார்த்து வளர்ந்த பெண் செய்கிற தப்பா இது? நீ இருந்தால் வெளுத்து வாங்கியிருப்பாய்.

திங்கட்கிழமை கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்தேன். "தப்பு என்னோடது சார், முறையோடது இல்ல. ரெசிஸ்டர் போடமாட்டேன்." ரெண்டு பாட்டுக்கும் நடுவே ஒருத்தர் வலையும் இல்லாத சின்ன இடைவெளி விட்டுத் திருத்தின வரைபடத்தைக் காட்டினேன். இன்னொரு தடவை செய்து பார்க்க ஒத்துக்கொண்டார்கள். இதுவும் தப்பானால் என்னை இந்த வேலையிலிருந்து எடுத்துவிடுவார்களாம். வரைபடத்தை நேற்று ஃபேக்டரிக்கு அனுப்பிவிட்டோம், சிப் வர மூன்று மாதம் ஆகும்.

இந்த வீம்பு எதுக்கு, கல்யாணத்தைப் பார் என்கிறாள் அம்மா. பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாள். படிக்க மெட்ராஸ் போகட்டுமா என்று உன்னிடம் கேட்டேனே, 'சரி' என்று தலையாட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? "அன்னிக்கு நீ கேட்டது உங்க நைனா காதுல விழவே இல்லடி" என்றாள். விழாததற்கெல்லாம் தலையாட்டிச் சமாளிப்பது உன் வழக்கமாம்.

நிஜமா நைனா? விழவே இல்லையா?

விழாவிட்டால் போகட்டும். அந்தச் 'சரி'யை எனக்குக் கொடுத்துவிட்டாய். இனி யார் கேட்டாலும் திருப்பித் தரமாட்டேன், நீ கேட்டாலும்.

இந்தச் சிப்பும் கெட்டால் மறுபடி தப்பைத் தேடுவேன். நம் கரையில் காதில் விழாமலே தலையாட்டுகிற ஒவ்வொரு ஆள் காதிலும் இதை மாட்டாமல் விடமாட்டேன். அதன் பிறகு எந்த மகளாவது வந்து எதையாவது கேட்டால், நன்றாகக் காதில் வாங்கி, 'முடியாது' என்றே சொல்லட்டும்.

உன் வீம்புக்கார மகள்,
தேவி