பாதியில் நின்ற தீவு

அக். 27, திங்கள்

விடாத தூறல். நட்ட சம்பா மூழ்கிவிடுமோ என்று ஊரே வயலில். பள்ளிக்கு விடுமுறை இல்லை. பிளஸ் டூ வேதியியல் தாள்கள் பாதிதான் திருத்தியிருக்கிறேன். வாங்க: பால், மெழுகுவத்தி, தோசை மாவு.

மீனா பெங்களூர் போனதிலிருந்து சமையல் நான். அங்கே மூத்த மகளுக்குப் பிரசவம் இந்த வாரமோ அடுத்த வாரமோ. ஆனால் போனில் மீனாவின் முதல் கேள்வி சின்னவளைப் பற்றித்தான். "யாழினி சாப்பிட்டாளா? மாத்திரைய எங்க வச்சிருக்கீங்க?"

என் பள்ளிக்கூடப் பையில்.

ஆடியில் சென்னையில் விபத்து. வண்டி ஓட்டியது யாழினி. பின்னால் உட்கார்ந்திருந்த தோழி ரம்யா போய்விட்டாள். இவளுக்குச் சிராய்ப்பு மட்டும். வேலையை விட்டு இங்கே வந்தவள் வாசல் தாண்டவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர் கேம். ஒரு சொட்டு அழவில்லை இதுவரை. "பாத்துக்குங்க சார்" என்றார் டாக்டர். எதைப் பார்ப்பது என்று சொல்லவில்லை.

அக். 28, செவ்வாய்

காபி கொடுக்கப் போனபோது கதவு திறந்திருந்தது. திரையில் ஒரு தீவு, அதில் மரவீடு. உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பெண் படுத்திருக்கிறாள்.

"யாரும்மா இது?"

"ரம்யாதாம்ப்பா. கேமை விட்டு வெளிய போனா அந்த ஆளு அங்கயே தூங்கும். திரும்ப வர்ற வரைக்கும்."

காபி தரையில் சிந்திவிட்டது. துடைத்தேன்.

இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய கேம். சேர்ந்து கட்டிய வீடு. அக்கரையைக் கம்பெனிக்காரன் இன்னும் செய்யவே இல்லையாம். படகு அடுத்த அப்டேட்டில். எப்போது என்றேன். "வரும் வரும்னு சொல்லிட்டேதான் இருக்காங்க."

அக். 29, புதன்

ஸ்டாஃப் ரூமில் கம்ப்யூட்டர் வாத்தியார் பாலுவிடம் கேட்டேன்.

"ஏர்லி ஆக்ஸஸ் சார். பாதி செஞ்சதுமே வித்துருவாங்க. அந்தக் காசுல மீதியச் செய்வாங்க. செஞ்சா உண்டு."

"செய்யலைன்னா?"

போனில் தேடிக் காட்டினார். வேலையை நிறுத்திவிட்டார்களாம். சர்வரை வரும் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மூடுகிறார்கள். கீழே வாங்கியவர்களின் கூச்சல். ஏமாற்று, திருட்டு, இத்தனை நாள் காத்திருந்ததற்கு இதுதானா. நிறைய நேரம் விளையாடியவர்களுக்குப் பணம் திரும்ப வராது. இது முடியாமலும் போகலாம் என்று விற்கும் பக்கத்திலேயே போட்டிருக்கிறான். சின்ன எழுத்தில். அந்தப் பிள்ளைகள் எங்கே அதைப் படித்திருக்கும்.

பணம் போனால் போகட்டும். அந்த வீடு?

"எல்லாம் அவங்ககிட்டதான் சார் இருக்கு. நம்மகிட்ட ஒண்ணும் கிடையாது."

மதியம் வகுப்பில் என்ன நடத்தினேன், ஞாபகமில்லை. அந்தப் பெண் இன்னொரு முறை போகப்போகிறாள். அதை இவளுக்கு யார் சொல்வது?

அக். 30, வியாழன்

கம்பெனிக்கு மெயில் போட்டேன். கெஞ்சித்தான் எழுதினேன், என் பெண்ணுக்காக அந்த ஒரு வீட்டையாவது விட்டுவைக்கச் சொல்லி. உடனே பதில். தங்கள் கருத்துக்கு நன்றி. இயந்திரம் அனுப்பியது.

நெட் வயரைப் பிடுங்கிவிட்டு, மழையில் போய்விட்டது என்று சொல்லலாமா? எத்தனை நாளைக்கு?

கொல்லைக்குப் பின்னால் ஆற்றில் தண்ணீர் கரையைத் தொட்டு ஓடுகிறது. கொல்லைக் கதவுக்குப் பூட்டு வாங்கி மாட்டினேன். சத்தம் கேட்டு வந்தாள்.

"எதுக்குப்பா பூட்டு?"

"மழைக்குப் பாம்பு வருதும்மா."

பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே போய்விட்டாள்.

நவ. 1, சனி

மூத்தவளுக்கு இன்னும் வலி எடுக்கவில்லை. மீனாவிடம் எதுவும் சொல்லவில்லை, சொன்னால் இரவே பஸ் ஏறிவிடுவாள். யாழினி இரண்டு இட்லி சாப்பிட்டாள். தலைக்குக் குளித்தாள். ஏன் இன்றைக்கு? நல்லதா கெட்டதா?

நவ. 2, ஞாயிறு

வெயில். சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து மூன்று தரம் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். ஐந்தரைக்கு அவளே கூப்பிட்டாள்.

"கொஞ்ச நேரம் இங்க உக்காருங்கப்பா. ஆறு மணிக்கு மூடறாங்க. உங்களுக்குத் தெரியும்ல?"

"உனக்கு..."

"அறிவிப்பு வந்த அன்னிக்கே படிச்சேன். நீங்க பயந்துடுவீங்கன்னு சொல்லல."

உட்கார்ந்தேன். திரையில் அவளுடைய ஆள் அடுப்பில் விறகு போட்டது. ஜன்னலைச் சாத்திவிட்டு ரம்யாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அப்புறம் எதையும் தொடவில்லை. சட்டென்று எல்லாம் போய் ஒரே கறுப்பு. இணைப்பு இல்லை என்று ஒரு வரி.

அழுதாள். உடம்பு தூக்கிப் போட்டது. இப்படி அழுது நான் பார்த்ததில்லை. முதுகில் கை வைத்தேன்.

முகம் கழுவிக்கொண்டு வந்து கேட்டாள்: "ரம்யா அம்மா நம்பர் இருக்காப்பா?"

இருக்கிறது. திருப்பனந்தாளில் காரியத்துக்குப் போனபோது அந்தம்மா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இல்லை என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். கொடுத்தேன்.

வாசலில் நின்று பேசுகிறாள். "அம்மா, யாழினி பேசறேன். நாந்தாம்மா வண்டி ஓட்டுனேன்." அதுவரை கேட்டது. அந்தப் பக்கம் என்ன சொல்கிறார்களோ. போனைக் காதில் வைத்தபடி அப்படியே நிற்கிறாள், இன்னும்.